கீமேன் வீட்டு ட்ராயிங் டீச்சர்

ஏனுங்க,

நேற்றுப் போத்தனூர் ஸ்டேஷனில் பொள்ளாச்சி வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்து ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டே போகிற கீமேன் ஒருவர் லைனோரமாக நடந்து வந்தார். தோளில் சுத்தியல், கக்கத்தில் சுருட்டிய கொடிகள், மேலே ஆரஞ்சுச் சட்டை. சின்ன வயசுதான் இருக்கும். என்னைத் தாண்டிப் போனபோது குப்பென்று அந்த வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த இரும்பு, கிரீஸ், வேர்வை, கூடவே கொஞ்சம் வெற்றிலை. எத்தனை வருஷம் நான் துவைத்த வாசனை! எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகமாட்டேன் என்கிறதே என்று கல்லில் அடித்து அடித்துத் திட்டியிருக்கிறேன். நேற்று அந்தப் பையன் இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தால் தேவலை என்று வண்டியைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மனசு என்கிற கழுதை எப்படியெல்லாம் மாறிப்போகிறது பாருங்கள்.

அதுதான், இன்றைக்கு விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம்? பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்றால் நீங்கள் திரும்புவீர்கள். இப்போதும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

கிணத்துக்கடவு ஸ்டேஷனை ஒட்டி நமக்கு குவார்ட்டர்ஸ். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். நீங்கள் காலையில் லைன் பார்க்கக் கிளம்பினால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் குடில் ஜோடித்தபோது, பின்னால் தொங்கவிட ஒரு சீலையில் மலை வரைந்து தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். நம் பிளாட்பாரத்தின் தெற்கு முனையில் நின்றால் தெரிகிற மலை. ஆக, அந்த வருஷம் பெத்லகேமுக்குப் பின்னால் ஆனைமலை நின்றது. ஒட்டகத்துக்குப் பக்கத்தில் தென்னை மரம் வேறு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும், "குழந்தை ஏசுவுக்கு எளநி வெட்டிக் குடுத்தர்லாம் போ" என்றீர்கள்.

சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அந்தச் சீலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களுக்கு ட்ராயிங் டீச்சர் இல்லீங்க. முறையாக் கத்துக்கிட்டதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொண்டாங்க, ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்பச் சேர்த்துக்கறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கள் சம்சாரம், மகளுக்கு அம்மா, தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண். அதுவரைக்கும் எனக்கு இருந்த பட்டமெல்லாம் இவ்வளவுதான். 'டீச்சர்' என்று யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். அந்த ஆசையை உங்களிடம் முழுசாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வாரப் பத்திரிகையில் வந்திருந்த விளம்பரத்தைப் பார்த்துத் தபால் வழி ஓவியப் பயிற்சியில் சேர்ந்தேன். மெட்ராஸிலிருந்து பாடம் வரும். வரைந்து அனுப்பினால் ஒரு மாஸ்டர் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். "இந்த வயசுல கோடு கிழிச்சு என்ன அம்மணி பண்ணப் போறே?" என்று கேட்டீர்கள். கேட்ட வாயோடு அடுத்த வாரமே கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதிக்குப் போய், கடைக்காரரிடம் விவரமாக விசாரித்து, எச்பி, டூபி, ஃபோர்பி என்று பென்சில்களை வாங்கி வந்தீர்கள். எனக்குக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொன்றின் சீவலையும் முகர்ந்து பார்த்தது நினைவிருக்கிறதா?

முதல் பாடம் வெறும் கோடு. கையால் நேர்கோடு போட வேண்டும். பக்கம் பக்கமாகப் போட்டேன். "ஸ்கேலு எதுக்கு இருக்குது?" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். அடுத்தது வட்டம், அப்புறம் பெட்டி. அதற்கப்புறம் ஒரு கத்திரிக்காயை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் படுகிற இடத்தை வெள்ளையாக விட்டு, நிழலைப் படிப்படியாகத் தேய்க்கிற பாடம். நான் தேய்த்து முடிப்பதற்குள் கத்திரிக்காய் வாடிப்போகும். வாடியதையெல்லாம் உங்கள் தட்டில்தான் போட்டேன். "இன்னிக்குப் பாடத்துக்கு உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டீர்கள்.

முதல் சண்டை டம்ளரில் வந்தது. மேசைமேல் இருக்கிற டம்ளருக்கு அடிப்பாகத்தை வளைவாகப் போட வேண்டும் என்பது பாடம். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "மேசை சமமா இருக்குது, டம்ளர் அடியும் சமமா இருக்குது, நீ எதுக்கு வளைக்கறே? இப்படி இருந்தா டம்ளர் நிக்குமா, ஆடுமல்ல?" என்றீர்கள். கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது என்றேன். "கண்ணுக்குத் தெரியறதையா போடுவாங்க? இருக்கறதைப் போடு" என்றீர்கள். உங்களிடம் யார் பேசி ஜெயிப்பது?

ஏப்ரல் மாதம் கடைசிப் பாடம் வந்தது. வெளியே போய் உட்கார்ந்து, ஒரு நிலக்காட்சியை நேரில் பார்த்து வரைந்து அனுப்ப வேண்டும். அது தேறினால் சர்ட்டிபிகேட். பாடத்தில் ஒரு தண்டவாளத்தையே உதாரணமாகப் போட்டிருந்தார்கள். நமக்கு எதிரில் அகலமாக ஆரம்பித்து, போகப் போகக் குறுகி, கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் சேர்ந்துவிடுகிற இரண்டு கோடுகள். நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "சேருதா? தண்டவாளம் சேருதுன்னா எழுதியிருக்கறான்? சேர்ந்தா வண்டி கவுந்துரும் புள்ள!" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. கேங்மேனாகச் சேர்ந்த நாளிலிருந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வேதம் அது ஒன்றுதான். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளி, அதாவது கேஜ், எங்கேயும் மாறக் கூடாது. வெயிலில் விரிந்தாலும் மழையில் மண் இளகினாலும் ஆணியை அடித்து, கட்டையைத் தட்டி அதைப் பிடித்து நிறுத்துகிறவர் நீங்கள். வண்டியில் தூங்கிக்கொண்டு போகிற ஜனம் உங்கள் சுத்தியலை நம்பித்தான் தூங்குகிறது என்பீர்கள். உங்களிடம் போய் போகப் போகக் குறுகும் என்று சொன்னால், 'உன் புருஷன் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை' என்று சொன்ன மாதிரிதான். அது எனக்கு அப்போது புரியவில்லை. உங்களுக்குப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

பிளாட்பாரத்தின் தெற்கு முனையில், வாகை மரத்து நிழலில் உட்கார்ந்து வரைந்தேன். பரீட்சை அட்டையில் கிளிப் மாட்டியும் பாலக்காட்டுக் காற்று காகிதத்தைப் பிடுங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் ஓடுகிற தண்டவாளம், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, கடைசியில் ஆனைமலை. தூரத்து மலை வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்ததால், கை துறுதுறுத்தாலும் அழுத்தித் தேய்க்காமல் விட்டேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. காகிதத்துக்குள் நடந்து போகலாம் போல இருந்தது. மகள் வீட்டில் வளைகாப்பு என்று அன்று மத்தியானமே நான் கிளம்ப வேண்டியிருந்தது. உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மே மாத நடுவில் படம் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தேன். தோப்பு என்னுடையது. மலை என்னுடையது. தண்டவாளம் என்னுடையது இல்லை. ஸ்கேல் வைத்து, எச்பி பென்சிலால், கீழேயிருந்து மேலே வரைக்கும் ஒரே அகலத்தில் இரண்டு கோடுகள். தென்னந்தோப்பைத் தாண்டி, ஆனைமலைமேல் ஏறி, வானத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. குறுக்குக் கட்டைகள்கூடச் சம தூரத்தில், பிசகாமல்! கீழே மாஸ்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "ஏணி நன்றாக உள்ளது. தண்டவாளம் எங்கே? மீண்டும் வரைந்து மாத முடிவுக்குள் சேரும்படி அனுப்பவும். தவறினால் அடுத்த அணியில்தான் சான்றிதழ்."

அடுத்த அணி என்றால் டிசம்பர். ஜூனில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வேறு யாரையாவது போட்டுக்கொள்வார்.

நீங்கள் வேலை முடிந்து வந்ததும் படத்தை முன்னால் வைத்தேன். கொஞ்சமும் அசராமல், "நீ தப்பாப் போட்டிருந்தே அம்மணி. மெட்ராஸ் முட்டும் போய் மானம் போயிருமேன்னுதான் அழிச்சுச் சரி பண்ணித் தாட்டிப்போட்டேன்" என்றீர்கள். எவ்வளவு அன்பாகச் சொன்னீர்கள்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்கு டீச்சராகணும் என்று இருந்த ஆசையை அன்றைக்குத்தான் முழுசாகக் கொட்டினேன். கடைசியில் மெதுவாக, "அந்த மாஸ்டரு எந்த லைன்ல வேலை பார்த்தாராமா?" என்றீர்கள். அப்புறம் நான் உங்களோடு பேசவில்லை. சோறு போடுவேன், குழம்பு ஊற்றுவேன், சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்வேன். "சில பேர்த்துக்கு வெந்நி வெச்சிருக்குதுன்னு சொல்லு" என்று நான் சொல்ல, நீங்கள், "குளிச்சாச்சுன்னு சொல்லு" என்று அதே கோழியிடம் பதில் சொன்னீர்கள். பாவம், அந்தக் கோழி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கோழியைத் தாண்டி நேராக என்னிடமே வந்தீர்கள். கையில் கேங் ஆட்களிடமிருந்து வாங்கி வந்த, இடைவெளி அளக்கிற கேஜ் கம்பி. "வா. வண்டி ஒண்ணும் இல்லாத நேரம். நேர்ல அளந்து காட்டறேன். அப்பறம் நீ என்ன வேணாப் போட்டுக்கோ" என்றீர்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிளாட்பாரத்து முனையில் என்னை நிறுத்திவிட்டு, கால்மாட்டில் ஒருமுறை அளந்து காட்டினீர்கள். பிறகு லைனோரமாக நடந்து போய் ஒரு தடவை, இன்னும் எட்டப் போய் ஒரு தடவை, குனிந்து குனிந்து அளந்தீர்கள். நான் பாடத்தில் சொன்னபடி கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையை உங்கள் தலைக்கு நேராகவும் கட்டைவிரலை உங்கள் காலுக்கு நேராகவும் பிடித்து உங்களை அளந்தேன். நீங்கள் போகப் போக விரல் பென்சில்மேல் ஏறிக்கொண்டே போனது. திரும்பி வந்து, "ஒரே கேஜ். நூலளவும் மாறலே" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள். "நானும் அளந்தனுங்க. நீங்க இவ்வளவுதான்" என்று என் நகத்தைக் காட்டினேன்.

"ஆரு, நானா?"

"நீங்கதான். நம்பலீன்னா பென்சிலைப் புடிங்க. நான் நடக்கறேன்."

இடம் மாறிக்கொண்டோம். லைனோரத்து மண் பாதையில் நான் நடந்தேன். அந்தப் பாதையில் நான் நடந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது உங்கள் பாதை. ஜல்லியில் செருப்பு வழுக்கியது. காற்று சேலையை முன்னால் தள்ளியது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "போதும் அம்மணி! வா, வந்துரு!" வண்டி கிண்டி வந்துவிட்டதோ என்று பதறி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். வண்டி ஒன்றும் இல்லை. நீங்கள் நீட்டிய கையை மடக்காமல், மூடிய கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தீர்கள்.

"என்னுங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ பென்சில் முனையாட்ட ஆயிட்டே. எனக்கு என்னமோ நெஞ்சுக்குள்ள பண்ணுச்சு."

பிளாட்பாரத்து விளிம்பில் உட்கார்ந்துகொண்டீர்கள். "தெனமும் வெடிய நான் போறப்பவும் இப்படித்தான் தெரிவனா?" என்று கேட்டீர்கள்.

"ஆமாங்க. அந்தப் புளியமரம் முட்டும் தெரிவீங்க. அப்பறம் நான் ஊட்டுக்குள்ள போயிருவேன்."

"தெனமும் நின்னு பார்ப்பியா?"

"வேற என்ன பண்ணுவாங்களாமா?"

எனக்கு அந்த நேரம்தான் எல்லாம் விளங்கியது. இத்தனை வருஷமும் நடந்து போனவர் நீங்கள், நின்று பார்த்தவள் நான். நடக்கிறவருடைய காலடியில் தண்டவாளம் எப்போதும் ஒரே அகலம்தான். அதை ஒரு நாளும் பொய் என்று சொல்ல முடியாது. குறுகுவது நிற்கிறவள் கண்ணுக்கு. ஆனைமலையை நோக்கி நீங்கள் சிறுத்துச் சிறுத்துப் போவதைத்தான் நான் ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிப் பாடத்தை மாஸ்டர் அனுப்புவதற்கு எவ்வளவோ முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. எந்தக் கோடு எங்கே போகிறது என்பதைவிட, நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்த நாள் சாயங்காலமே மறுபடி வரைந்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காற்றுக்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். கோடுகள் இரண்டும் நெருங்க நெருங்க நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். புள்ளியில் தொட்டபோது, "கர்த்தரே" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஆனால் தடுக்கவில்லை. புளியமரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் உங்களை ஒரு சின்னக் கோடாகப் போட்டேன். "சுத்தியல் எங்கே?" என்றீர்கள். அதற்கும் ஒரு புள்ளி வைத்தேன். நீங்களே பொள்ளாச்சி போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தீர்கள். போகும் முன்னால் உறையை என் கண்ணெதிரில் ஒட்டச் சொன்னீர்கள், சந்தேகத்துக்கு இடமில்லாமல்!

அன்றிலிருந்து காலையில் புளியமரத்தருகே போனதும் ஒருமுறை திரும்பினீர்கள். கொடியை ஆட்டினால் டிரைவர் தப்பாக நினைப்பார் என்று சோற்றுத் தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டுவீர்கள். ரிட்டையர் ஆகிற நாள் வரைக்கும் அது நடந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி, "ஏனுங்கக்கா, அண்ணன் தெனமும் சோத்தை மறந்துட்டுப் போறாரா, எடுத்துட்டுப் போறாரான்னு காட்டறாருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சர்ட்டிபிகேட் வந்தது. ஜூனில் வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் மத்தியானம் மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் நீங்கள் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வந்து, வாட்ச்மேனிடம், "டீச்சரைப் பார்க்கோணுங்க" என்றீர்களாம். எந்த டீச்சர் என்று கேட்டிருக்கிறார். "ட்ராயிங் டீச்சருங்க. எங்க ஊட்லதான்." வாட்ச்மேன் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் மழையே இல்லை.

நல்ல வாழ்க்கைதாங்க நமக்கு. யாராவது கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த நாட்களில் ஒரு பகல். "சும்மா உக்காந்துட்டு வெசனப்படறதுக்கு என்னைப் படம் போடேன்" என்றீர்கள். கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். இரும்புக் கட்டில், போர்வை, தலையணை, உங்கள் முகம். கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"டீச்சரே தப்புப் பண்ணலாமா? நீ கால்மாட்டுல உக்காந்திருக்கறே. என் தலை எட்டத்துல இருக்குது. கட்டிலு போகப் போகக் குறுகோணும். நீ ஒரே கேஜ்ல போட்டிருக்கறே. என் தலையைப் பாரு, இத்தினி பெருசு! சின்னதாப் போடு புள்ள."

நூற்றுக்கு நூறு சரி. மெட்ராஸ் மாஸ்டர் பார்த்திருந்தால் உங்களுக்கு முழு மார்க் போட்டிருப்பார். "சரிங்க, திருத்திப்போடறேன்" என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். நீங்கள் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தீர்கள். நான் அழிக்கவில்லை. உங்களை எட்டத்தில் வைக்க எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

அந்தப் படம் இப்போது முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. சனிக்கிழமைகளில் என்னிடம் ட்ராயிங் படிக்க வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வரைகிறார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இந்தக் கட்டிலு தப்புங்க. தலைமாடு குறுகவே இல்லீங்க" என்றாள்.

"ஆமாங் கண்ணு, தப்புத்தான்."

"அழிச்சுச் சரி பண்ணித் தரட்டுங்களா?"

"அதை மட்டும் தொட்டுராத சாமி" என்று சொல்லி, அவளுக்கு வேறு காகிதம் எடுத்துக் கொடுத்தேன்.